கூடாரத்திற்கும் ஒரு தேர்வு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவர்

ஆண்டுக்கு இரண்டு பருவத் தேர்வுகள், அவற்றிற்கு முன்னே அகத் தேர்வுகள், பின்னே செய்முறைத் தேர்வுகள் என்று நம்மை ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். தேர்வு என்ற சொல்லே நமக்குக் கசக்கிறது. ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு மட்டும் எந்தத் தேர்வும் வைப்பதில்லை. அட்டையில் அச்சிட்டிருப்பதையே அதன் மதிப்பெண் பட்டியலாக நம்பிவிடுகிறோம். அப்படி நம்பிய நாங்கள் ஐவர் மலையில் ஓர் இரவு முழுதும் நனைந்தோம். அந்தக் கதையையும், அதன்பின் கற்றுக்கொண்ட சில எளிய சோதனைகளையும் இங்கே சொல்ல விழைகிறேன். விடுமுறையில் மலைக்கோ காட்டுக்கோ போக எண்ணும் நண்பர்களுக்கு இது பயன்படுமானால் மகிழ்வேன்.

ஏலகிரியில் ஓர் இரவு

சென்ற ஆண்டு அக்டோபர் விடுமுறையில் திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரிக்குப் போக முடிவு செய்தோம். அங்கே நண்பன் ஒருவனின் உறவினருக்குச் சிறிய தோட்டம் உண்டு. அதில் இரண்டு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்குவது என்பது திட்டம். ஆளுக்கு அறுநூறு ரூபாய் போட்டு ஒரு கூடாரம் வாங்கினோம். ஆறு பேர் படுக்கலாம் என்றும், நீர் தாங்கும் திறன் 2,000 மி.மீ. என்றும் அதன் உறையில் எழுதியிருந்தது.

என் தந்தையார் ராயப்பேட்டையில் ஒரு பட்டறையில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். கூடாரத்தை வீட்டில் பிரித்தபோது அவர் துணியை விரல்களால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"தண்ணி ஊத்திப் பாத்தியாடா?"

"இல்லப்பா. கம்பெனி சரக்கு. அதெல்லாம் பாத்துத்தான் அனுப்புவாங்க."

"அவங்க பாத்தது இருக்கட்டும். படுக்கப்போறது நீதானே?"

பழைய கித்தான் ஒன்றை மடித்துக் கொடுத்து, "இதையும் வச்சுக்க, மேல போட்டுக்கலாம்" என்றார். கனமாக இருக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே விட்டுவிட்டேன். கனம் ஒரு காரணம்தான். பளபளக்கும் புதிய கூடாரத்தின்மேல் லாரித் தார்ப்பாயைப் போட்டால் நண்பர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சமே பெரிய காரணம். இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆயினும் உண்மையை எழுதுவதுதான் முறை.

சோலையார்பேட்டையில் இரயிலைவிட்டு இறங்கி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் கடந்து, மாலைக்குள் கூடாரத்தை அடித்துவிட்டோம். இரவு பத்து மணிக்கு மழை பிடித்தது. முதல் அரை மணி நேரம் ஒரு துளியும் உள்ளே வரவில்லை. பிறகு தையல் ஓடிய இடமெல்லாம் முத்து முத்தாக நீர் அரும்பியது. நள்ளிரவில் ஒழுகத் தொடங்கியது. கீழிருந்தும் ஈரம் ஏறிற்று. ஒல்லியான உடம்புள்ள நண்பன் ஒருவன் முதலில் நடுங்கினான். பிறகு பேச்சுக் குழறியது. அப்போதுதான் எங்களுக்கு அச்சம் வந்தது. அவனைத் தாங்கிக்கொண்டு தோட்டக் காவலரின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அந்த அம்மாள் உலர்ந்த சேலைகளைக் கொடுத்து அடுப்பை மூட்டினார். விடியும்போது நண்பன் தேறிவிட்டான்.

ஈரத்தை நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே நனைந்த ஆடை உடம்பைக் காக்கும் ஆடையாக இராது. உடம்பின் சூட்டை வெளியே கொண்டுபோகும் வழியாகிவிடும். பனி பெய்யாத நம் ஊர் மலைகளிலும் குளிர் ஆளை வீழ்த்த முடியும் என்பதற்கு இதுவே காரணம்.

பறங்கிமலை கற்பிக்கும் பாடம்

கல்லூரி திறந்ததும் இதை எங்கள் துறை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பறங்கிமலையில் என்ன நடந்தது என்று படித்திருக்கிறாயா?" என்று கேட்டார். நூலகத்தில் தேடிப் படித்தேன்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி நம் பறங்கிமலைக்கு அருகே ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவையின் முதற்கோடு அது. நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அளக்க 57 நாட்கள் ஆயின. அளந்த கருவி நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. எஃகு வெயிலில் நீளும். பத்து டிகிரி செல்சியசு கூடினால் நூறு அடி எஃகு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும் என்று நாமே கணக்கிடலாம். அற்பம் என்று தோன்றும். ஆனால் ஏழரை மைலுக்கு அச்சங்கிலியை நானூறு முறை வைக்க வேண்டும்; பிழையும் நானூறு மடங்காகி ஏறத்தாழ ஒன்றரை மீட்டராகிவிடும்.

எனவே லாம்டன் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் கூடாரத் துணியால் மறைத்து, அருகில் வெப்பமானிகளை வைத்து அளந்தார். இன்னொரு சங்கிலியை வேலைக்கு எடுக்காமல் தனியே வைத்து, வேலை செய்யும் சங்கிலியை அதனோடு ஒப்பிட்டுச் சோதித்தார். புகழ்பெற்ற பட்டறையில் செய்தது என்பதற்காக அவர் அதை நம்பிவிடவில்லை.

அவரது கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அதைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வளைந்துபோயிற்று. லாம்டன் கூடாரத்திற்குள் அமர்ந்து வாரக்கணக்கில் தம் கையாலேயே அதை நிமிர்த்தினார். அரை டன் கருவியைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அந்த நேரத்தில் ஒரு கயிற்றிடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு விலையுயர்ந்த சாதனமும் அதைத் தாங்கும் மலிவான பகுதியால் கெடும்.

இவ்வரலாற்றில் நான் மறக்க இயலாத பெயர் இன்னொன்று. ஆர்க்காடு என்றதும் ராயப்பேட்டையில் உள்ள நமக்கு அமீர் மகால் நினைவுக்கு வரும். அந்த ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொகசின் உசேன் என்ற கைவினைஞர், பின்னாளில் எவரெஸ்ட் தலைமையேற்ற காலத்தில் இந்த அளவைத் துறையின் கருவிகளைப் பழுது பார்த்தார். 1843இல் துறையின் கருவி செய்யுநராகவே உயர்ந்தார். கருவியைப் பற்றிய அறிவு ஏட்டில் மட்டும் இருப்பதன்று, கையிலும் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. தென் துருவத்திற்குப் போன இராபர்ட் ஸ்காட்டின் குழு 1912இல் திரும்பும் வழியில், முன்பே வைத்துவிட்டுப் போன மண்ணெண்ணெய்த் தகரங்களில் எண்ணெய் குறைந்திருப்பதைக் கண்டது. மூடியிலிருந்த தோல் வளையங்கள் கடுங்குளிரில் இறுக்கம் இழந்ததே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. அவருக்கு முன்னே துருவத்தை அடைந்த அமுண்ட்சன் தம் தகரங்களை ஈயப்பற்று வைத்து அடைத்திருந்தார். ஸ்காட் குழுவினரின் மரணத்திற்குப் பசி, குளிர், நோய் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று ஒரு மூடி.

துணி தேறியது, தையல் தோற்றது

நனைந்த கூடாரத்தை வீட்டு மொட்டை மாடியில் கட்டினோம். தந்தையார் துணியின் ஓரிடத்தைத் தொட்டில்போலத் தொங்கவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தார்ப்பாய்க்கு அவர் வைக்கும் தேர்வு இதுதான். பத்து நிமிடத்தில், "துணி நல்லாத்தான் இருக்கு. தையலப் பாரு" என்றார். தையல் ஊசியின் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு நின்றது.

2,000 மி.மீ. என்பதன் பொருளை அன்றுதான் தேடி அறிந்தேன். துணியின்மேல் நீரைத் தூண்போல நிறுத்தி, மெல்ல உயர்த்திக்கொண்டே போவார்கள். மறுபுறத்தில் மூன்றாவது துளி அரும்பும்போது அந்த நீர்த்தூணின் உயரம் எத்தனை மில்லிமீட்டரோ அதுவே துணியின் திறன். நாம் முதலாண்டில் படித்த அழுத்தக் கணக்குதான்: உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றின் பெருக்கல். இரண்டு மீட்டர் பி.வி.சி. குழாயின் அடிவாயில் கூடாரத் துணியைக் கிளிப் போட்டு இறுக்கி, மேலிருந்து நீர் ஊற்றி நாங்களும் சோதித்தோம். துணி தேறிவிட்டது. அதே குழாயின் வாயில் தையல் வரும்படி கட்டினோம். ஒரு சாண் உயரத்திலேயே ஒழுகியது.

ஆகவே உறையில் எழுதியது பொய்யன்று. அவர்கள் சோதித்தது துணியை. நாங்கள் படுத்தது தையலின் கீழே. அட்டைக்கும் அனுபவத்திற்கும் உள்ள இடைவெளி அவ்வளவுதான். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சூத்திரம் எனக்குத் தெரிந்திருந்தது. சோதனை என் தந்தைக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் ஒன்றே என்பதை அறியத்தான் எனக்கு ஒரு மழை தேவைப்பட்டது.

புறப்படுமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. கூரை: கூடாரத்தை வீட்டில் கட்டி, ஒரு மணி நேரமாவது தையல்களின்மேல் தண்ணீர் ஊற்றுங்கள். உட்புறத் தையல்களில் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையெனில் தையலுக்கென்று விற்கும் பசையைப் பூசலாம். நாங்கள் அப்படித்தான் சரிசெய்தோம். ஆறு பேர் என்று எழுதியிருந்தால் நான்கு பேர் என்று கொள்ளுங்கள். ஆறு பேர் என்பது தீப்பெட்டிக் குச்சிபோல அடுக்கிய கணக்கு.

2. தரை: அறுபது கிலோ எடையுள்ளவர் முழங்காலிட்டால் அந்த எடை ஏறத்தாழ நூற்றைம்பது சதுர சென்டிமீட்டரில் இறங்கும். அது நான்கு மீட்டர் நீர்த்தூணின் அழுத்தத்திற்குச் சமம். கூரையைத் தேற்றிய இரண்டு மீட்டர் துணி, சேற்றுத் தரையில் தோற்பது இதனால்தான். அடியில் ஒரு தடித்த விரிப்பு கட்டாயம் வேண்டும். விரிப்பு கூடாரத்தைவிட வெளியே நீண்டிருக்கக் கூடாது. நீண்டால் மழைநீரை அதுவே உள்ளே அழைத்துவரும்.

3. உள் ஈரம்: தையலை அடைத்தபின், நவம்பர் மாதத்து மழைநாளில் மாடியில் படுத்துப் பார்த்தோம். காலையில் உட்சுவர் மீண்டும் ஈரம்! மனம் சோர்ந்தது. அடுத்த மழை இரவில் யாரும் படுக்காமல் கூடாரத்தை மூடி வைத்தோம், உள்ளே உலர்ந்திருந்தது. ஆகவே அது மழையன்று, எங்கள் மூச்சு. ஒருவர் இரவில் மூச்சாலும் தோலாலும் ஏறக்குறைய கால் லிட்டர் நீரை வெளிவிடுகிறார். அந்த ஆவி குளிர்ந்த துணியில் பட்டுப் பனிக்கிறது. சாளரத்தைச் சற்றுத் திறந்து வைப்பதே இதற்கு மருந்து. கித்தான் கூடாரமானால் நனைந்த துணியை உள்ளிருந்து விரலால் தொடாதீர்கள். நூலிழைகள் ஊதி அடைத்திருக்கும் நீர்ப்படலம் உடைந்து அங்கே சொட்டத் தொடங்கும்.

4. படுக்கை: கடல் மட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரத்திற்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். போர்வையை மட்டும் எண்ணுகிறோம். ஆனால் உடம்பின் சூட்டைத் தரையும் இழுக்கிறது. தூங்கும் பையின் அடிப்பாகம் நம் எடையில் நசுங்கி, அதிலுள்ள காற்று போய்விடும். காற்றைச் சிறைபிடித்து வைப்பதுதான் குளிர்காப்பின் இரகசியம். நமக்கு அருகிலுள்ள ஐஸ் ஹவுஸ் 1842இல் கட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை அங்கே சேமித்தார்கள். அத்தனை மாதக் கடற்பயணத்தில் பனிக்கட்டியைக் காத்தது மரத்தூள், அதாவது மரத்தூளிடையே சிக்கிய காற்று. சென்னையில் மலைக்குளிர் ஏது என்கிறீர்களா? தட்டில் பனிக்கட்டியைப் பரப்பி, மேலே பாயை விரித்து, அதன்மேல் வெப்பமானியை வைத்து ஒரு கனமான புத்தகத்தால் அழுத்துங்கள். கோரைப்பாய், ஜமக்காளம், நுரைப்பாய் மூன்றையும் ஒப்பிடலாம். எங்கள் சோதனையில் நுரைப்பாய் முதலிடம். ஜமக்காளத்தின்மேல் கோரைப்பாய் போட்டது அதற்கு அடுத்தது.

5. செருப்பும் தோளும்: புதிய காலணியுடன் மலையேறுவது கொப்புளத்தை விலைக்கு வாங்குவதாகும். இரண்டு வாரமாவது கல்லூரிக்கு அணிந்து வாருங்கள். ஐயப்பன் மலைக்குப் போவோர் நாற்பத்தொரு நாள் விரதத்தில் செருப்பின்றி நடப்பார்கள். அதன் நோக்கம் பக்தி. பயனோ, காட்டுப் பாதைக்கு முன்னரே பாதம் பழகிவிடுகிறது. பையைச் சோதிக்க எங்கள் வழி இது: பத்துத் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பினால் பத்து கிலோ. அதைச் சுமந்து ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து பாரதி சாலை வழியாகக் கடற்கரை மணல் வரை நடந்தோம். தோல் உரியும் இடமும், பிரியும் பட்டையும் அன்றே தெரிந்துவிட்டன. களைத்துப்போனால் தண்ணீரைக் கொட்டிவிட்டு வீடு திரும்பலாம். மலையில் அந்த வசதி இல்லை.

6. விளக்கும் அடுப்பும்: கைவிளக்கை முழுக்க மின்னேற்றி எரியவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் விளக்கில் எட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தது. வழி தெரியும் அளவுக்கு எரிந்தது மூன்றரை மணி நேரமே. மிச்ச நேரம் மின்மினிதான். அடுப்பில் ஒரு லிட்டர் நீர் கொதிக்க எத்தனை நிமிடம், எவ்வளவு எரிபொருள் என்று முன்னும் பின்னும் எடை போட்டு அறியுங்கள். கூடாரத்திற்குள் எக்காரணம் கொண்டும் அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். நைலான், பாலியெஸ்டர் துணிகள் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

7. மீட்புப் பை: உலர்ந்த ஆடை ஒரு தொகுதியைப் பாலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை வாளி நீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் நீரும் போகும். ஏலகிரியில் எங்களிடம் இது ஒன்று இருந்திருந்தால் நண்பன் அவ்வளவு துன்பப்பட்டிருக்க மாட்டான்.

கருவியால் ஆகாதது

இத்தனையும் சோதித்த பின்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் காற்றோடு வரும் தீயை எந்தக் கூடாரமும் காலணியும் தடுக்கா. அதன்பின் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்திற்கு ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை வழிகாட்டிகளுடன் 40 தடங்களைத் திறந்துவிட்டது. முறையான அனுமதி, ஊரறிந்த வழிகாட்டி, உரிய பருவம் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் வீட்டிலேயே இருப்பது அறிவுடைமை. அமைச்சனின் இலக்கணம் கூறும் திருவள்ளுவர் கருவியை முதலில் வைத்தார். ஆனால் உடனே காலத்தையும் அதன் பக்கத்தில் வைத்தார் அல்லவா?

நண்பர்களே, வரும் டிசம்பர் விடுமுறையில் நாங்கள் ஐவரும் மீண்டும் ஏலகிரிக்குப் போகிறோம். அந்த அம்மாளுக்குக் கொடுக்க ஒரு புதுச்சேலை வாங்கி வைத்திருக்கிறோம். கூடாரம் ஒரு மழைக்காலம் முழுதும் மாடியில் தேர்வு எழுதித் தேறியிருக்கிறது. ஆயினும் என் பையில் முதலில் வைத்த பொருள் தந்தையார் தைத்த கித்தான்தான். எடை போட்டுப் பார்த்தேன், மூன்றரை கிலோ. சுமப்பதற்கு அது ஒன்றும் அவ்வளவு கனமில்லை.